அண்ணியின் இடது காது

கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். உள்பக்கமாக இழுத்துத் திறக்கிற கதவென்றால், பின்னால் கூட்டம் நெருக்கும்போது இழுக்க இடம் இருக்காது. தாழ்ப்பாளாக இருந்தால் நல்லது. சாவிப் பூட்டென்றால் எப்போதும் யாரோ ஒருவர் கையில்தான் கதவு இருக்கும். பெரிய வாசலைப் பார்த்த மாதிரி உட்காரவே கூடாது, உள்ளே நுழைகிறவன் கண் முதலில் அங்கேதான் விழும். பக்கத்துக் கதவு ஒன்று இருந்தால் போகலாம். இல்லையென்றால் காலையில் வயிற்று வலி என்று படுத்துக்கொள்ளலாம்.

மனதுக்குள் இப்படி ஓடிக்கொண்டிருக்க, அவள் கை தன் பாட்டுக்குத் தலையணை உறைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தது. உறையின் வாயை முதலில் தேய்க்க வேண்டும், பிறகு மூலைகள், கடைசியில்தான் நடு. நடுவில் ஆரம்பித்தால் சுருக்கமெல்லாம் ஓரத்துக்குப் போய் நின்றுகொள்ளும்.

தங்கும் விடுதியின் சலவைக்கூடம் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. கூரையை ஒட்டி ஒரே ஒரு ஜன்னல். அதன் வழியாக மேலே தெருவில் நடக்கிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். மற்றவர்களுக்கு அது சிறைச்சாலை மாதிரி இருந்தது. அவளுக்கு அந்த ஜன்னலைப் பிடிக்கும். தன்னை யாரும் பார்க்க முடியாது, தான் மட்டும் நடைகளைப் பார்க்கலாம். வலது காலைச் சற்றே வீசிப் போடுகிற ஒரு நடை அந்த ஜன்னலில் இதுவரை வரவில்லை.

“அக்கா, உங்க சர்ச்சுல பக்கத்துக் கதவு இருக்கா?”

சோப்பக்கா இயந்திரத்துக்குள் ஈரப் போர்வைகளைத் திணிப்பதை நிறுத்தித் திரும்பினாள். எந்த நேரமும் முழங்கை வரை நுரையோடு நிற்பதால் எல்லோருக்கும் அவள் சோப்பக்கா.

“இன்னும் உள்ள வரவே இல்ல, அதுக்குள்ள வெளிய போற வழியக் கேக்கறா பாரு. எங்க போதகர் பிரசங்கம் அவ்வளவு மோசம்னு உனக்கு யாரு சொன்னது?”

“பாப்பா அடிக்கடி பாத்ரூம் போகணும்பா. அதான் கேட்டேன்.”

“இருக்கு, இருக்கு. இடது பக்கம் ஒண்ணு. கையால தள்ளினாத் திறந்துக்கும். பாதிப் பிரசங்கத்துல எங்க பெருசுங்க மூச்சு விடப் போறதே அது வழியாத்தான்.”

தள்ளினால் திறக்கும் என்றால் வெளிப்பக்கம். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“புதுசா வந்தவங்கள எங்க சபையில எப்படித் தாங்குவாங்க தெரியுமா? வந்து பாரு.”

“அதெல்லாம் வேணாங்க்கா. வந்த சுவடு தெரியாம உக்காந்துட்டுப் போயிடறோம்.”

“நல்ல கதை. பந்திக்கு மட்டும் வந்துட்டுக் கையக் கழுவிட்டுப் போற ஆளு மாதிரி.”

நீள மேசையின் மறுமுனையில் அண்ணி விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். அண்ணி என்றால் கணவனின் அக்கா. விரிப்பின் ஒரு முனையைத் தாடையில் பிடித்து, இரண்டு கையாலும் நீவி, ஆள் துணையில்லாமல் மடிக்கப் பழகியிருந்தாள். நல்ல உயரம். இயந்திரங்களின் இரைச்சலில் இந்தப் பேச்சு எதுவும் அவளுக்குக் கேட்டிருக்காது. ஆனாலும் சோப்பக்காவின் உதட்டையும் இவள் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள், கடைக்கு முன்னால் நிற்கிற குழந்தையைப் போல.

*

சலவைக்கூடத்துக்குப் பின்னால் பழைய சாமான் போட்டிருந்த அறையை, கூடத்து வேலையை மேற்பார்க்கிற மேஸ்திரி அவர்களுக்கு ஒழித்துக் கொடுத்திருந்தார். ஒரு கட்டில், ஒரு பாய், மண்ணெண்ணெய் வாடை போகாத ஒரு மூலை. கதவுக்கு நல்ல பூட்டு இருந்தது. ஆனால் அவள் பூட்டை நம்பவில்லை. சாயங்காலம் உள்ளே வந்ததும் தாழ்ப்பாள் போட்டு, கதவில் ஒரு தட்டைச் சாய்த்து வைத்து, தட்டின் விளிம்பில் கரண்டிகளை அடுக்குவாள். கதவு அசைந்தால் எல்லாம் சரிந்து விழும். பொடிசு என்று அவர்கள் கூப்பிடுகிற அவள் மகள் இந்த வேலையை இப்போது தானே செய்யத் தொடங்கியிருந்தாள். எல்லா வீட்டிலும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் கரண்டிகளை இப்படித்தான் வைப்பார்கள் என்று அவள் நினைத்திருக்க வேண்டும்.

அவள் கணவன் பூட்டுக்காரன், வலது காலை வீசிப் போட்டு நடக்கிறவன். கடைவீதியில் பெட்டி மாதிரி ஒரு கடை. சாவியைத் தொலைத்துவிட்டு வீட்டு வாசலில் நிற்கிறவர்களுக்கெல்லாம் அவன் தெய்வம். வளைந்த கம்பி ஒன்றை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, காதால் கேட்டே திறப்பான். அப்படி ஒரு காது. அதே காதுதான் அவனைப் பாட்டுக்காரனாகவும் ஆக்கியது. அவர்களுடைய பழைய சபையில் அவன் எழுந்து பாடினால் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். முக்காட்டை இழுத்துவிட்டு வீங்கிய கன்னத்தை மறைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருக்கும்போது, பக்கத்து இருக்கைக்காரி தொடையைத் தட்டி, “குடுத்து வச்சவடி நீ” என்பாள்.

ஊரார் பூட்டையெல்லாம் திறந்து கொடுத்தவன், தன் வீட்டை மட்டும் பூட்டினான். வேலைக்குப் போகும்போது அவளையும் குழந்தையையும் உள்ளறையில் வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போவான். அண்ணி பள்ளிக்கூடத்துச் சமையலறையிலிருந்து திரும்பி வந்து கதவுக்கு வெளியே உட்கார்ந்துகொள்வாள். கதவுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி. கீழிடுக்கு வழியாக ரொட்டியைத் தள்ளிவிட்டபடி பேசிக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் அவன் கை ஓங்கியபோது அண்ணி நடுவில் வந்து நின்றாள். அவளைப் பார்த்து ஓங்கிய கை, அண்ணியின் இடது காதில் விழுந்தது. அன்றோடு அந்தக் காது போயிற்று. குழந்தைக்குக் காய்ச்சல் அடித்துத் தூக்கிப் போட்ட ஒரு பகலில், அண்ணி அவன் கடை ஆணியிலிருந்து எடுத்து ஒளித்து வைத்திருந்த சாவியால் கதவைத் திறந்து, “கெளம்பு” என்றாள். தானும் கிளம்பினாள். தாய் தகப்பன் போன பிறகு இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பியை விட்டுவிட்டு.

அதற்கு அண்ணி இதுவரை எந்தக் கூலியும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறாள்.

“போலாம்தானே?” என்றாள் அண்ணி, பாயில் காலை நீட்டி முட்டியைத் தேய்த்துக்கொண்டே.

அவள் எழுந்து அண்ணியின் வலது பக்கம் வந்து உட்கார்ந்தாள். “பாக்கலாம் அண்ணி.”

“பாக்கலாம்னா இல்லைன்னு அர்த்தம். உன்கூட இத்தனை வருஷம் குப்பை கொட்டிட்டு எனக்கு இது தெரியாதா?”

“ஞாயித்துக்கிழமையானா அவரு என்ன பண்ணிட்டிருப்பாரு, சொல்லுங்க.” மனதுக்குள் அவன் என்றாலும் வாய் இன்னும் அவரு என்றுதான் சொன்னது.

அண்ணி முட்டியையே பார்த்தாள்.

“நீங்க சொல்லலேன்னா நான் சொல்றேன். பழைய சபைக்குப் போயிட்டு வந்ததும் போனைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. எந்த ஊரு சபையில எப்படிப் பாடறாங்க, எவன் சுருதி தப்பறான்னு சாயங்காலம் வரைக்கும் ஒண்ணொண்ணாக் கேட்டுக் கிண்டல் பண்ணிக்கிட்டு. இப்ப எல்லா சபையிலயும் போன் வச்சுப் படம் புடிச்சு நெட்டுல அனுப்பறாங்க. சோப்பக்கா சபையிலயும் அனுப்பறாங்களாம், கேட்டுட்டேன்.”

“படத்துல விழாத எடமாப் பாத்து உக்காருவோம்.”

“உக்காருவோம். ஆனா உங்க குரலு?”

அண்ணி சிரிக்க முயன்றாள். “என் குரலுக்கு என்னம்மா? கெழட்டுக் குரலு.”

“உங்க குரலை அவரு தூக்கத்துலகூட அடையாளம் சொல்லுவாரு அண்ணி. ரெண்டு பேரும் சேந்து பாடி வளந்தவங்க.”

அதுதான் விஷயம். அவன் முதல் குரல், அண்ணி இரண்டாம் குரல். சின்னப் பிள்ளைகளாக இருந்தபோதே அப்படி. அவன் மெட்டை எடுத்துக்கொண்டு மேலே போவான். அண்ணி கீழே வேறொரு வழியில், அவனைத் தாங்கிக்கொண்டே வருவாள். அப்படிப் பாடுகிறவர்கள் அந்தச் சபையில் வேறு யாரும் இல்லை.

“நான் பாட மாட்டேன்” என்றாள் அண்ணி. “உதட்ட மட்டும் அசைக்கறேன். ஆண்டவருக்குப் புரியும். எனக்கு அந்தப் பெஞ்சுல போய் உக்காரணும், அவ்வளவுதான். நாலு பேரோட சேந்து எந்திரிக்கணும், நாலு பேரோட சேந்து உக்காரணும். இங்க இந்த ரூமுக்குள்ள ஜெபம் பண்ணினா, கரண்டிய எண்ணிக்கிட்டே ஜெபம் பண்றேன். அது ஜெபமா?”

“அவருக்காகவும் ஜெபம் பண்றீங்க.”

அண்ணி நிமிர்ந்தாள். “கேட்டுச்சா? நான் மனசுக்குள்ளதானே சொல்றேன்.”

“கேட்டுச்சு.”

அண்ணி மனதுக்குள் சொல்வதாக நினைத்துச் சொல்வதெல்லாம் அறை முழுக்கக் கேட்கும். மாதக்கணக்கில் கேட்டுக் கேட்டு அவளுக்கும் பொடிசுக்கும் பழகிப்போயிருந்தது. கூடத்தில் இயந்திர இரைச்சலுக்கு மேலே எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள், அங்கேயும் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதனால் அதை ஒரு விஷயமாக அவள் எண்ணிப் பார்க்கவே இல்லை. அவளுக்கு உறுத்தியது வேறு. அண்ணி இன்னும் அவனுக்காக வேண்டிக்கொள்கிறாள். அந்த நூலின் மறுமுனை அவன் கையில் இருக்கிறது. அவன் என்றைக்காவது இழுத்துப் பார்த்தால்?

“நான் வளத்த கையிம்மா அது” என்றாள் அண்ணி, காதைத் தொட்டுக்கொண்டு. “வேற யாரு வேண்டிக்குவா அவனுக்கு?”

பொடிசு கரண்டிகளை அடுக்கி முடித்துவிட்டு வந்து மடியில் ஏறிக்கொண்டாள்.

“அம்மா, சர்ச்சுல பேரு கேட்டா எந்தப் பேரு சொல்லணும்? ஸ்கூல் பேரா, நெசப் பேரா?”

“யாரும் கேக்க மாட்டாங்க.”

“கேட்டா?”

“சிரிச்சிட்டுச் சும்மா இரு.”

“ஸ்கூல் பேரு சொன்னா பொய்தானே. இயேசப்பா வீட்டுல பொய் சொல்லலாமா அத்தை?”

அத்தை அவளைப் பார்த்தாள். அவள் அத்தையைப் பார்த்தாள். அண்ணி குழந்தையின் தலையை இழுத்து மார்பில் வைத்துக்கொண்டு, “போய் வாயக் கொப்புளிச்சிட்டுப் படு” என்றாள்.

*

காலையில் தூறல். மூன்று பேருக்கும் ஒரே குடை. தேநீரில் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டு, பெரிய தெருவைத் தவிர்த்து, கடைகளின் பின்பக்கமாகப் போகிற சந்து வழியாகப் போனார்கள். அண்ணி தன்னிடமிருந்த ஒரே நல்ல சேலையைக் கட்டியிருந்தாள். முந்தின நாள் இவளே தேய்த்துக் கொடுத்தது. மடிப்புக் கலையாமல் இருக்க அண்ணி தண்ணீர் தேங்கிய இடங்களில் பறவை மாதிரிக் கால் வைத்தாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

கோயில் புதிதாக வெள்ளையடித்த ஒரு நீளக் கட்டடம். வாசலில் நின்ற சோப்பக்காவை முதலில் அடையாளம் தெரியவில்லை. கையில் நுரை இல்லை.

“வந்துட்டீங்களா? வாங்க, முன்னாடி போலாம். ஃபேன் காத்து நல்லா வரும்.”

“பின்னாடியே இருக்கோங்க்கா. பாப்பா…”

“ஆமா, பாத்ரூம். உன் பொண்ணுக்கு நீ கட்டிவிடற பழியெல்லாம் அவ பெரிசானதும் கேப்பா பாரு” என்று சொல்லிவிட்டு சோப்பக்கா பாடகர் குழுவின் பக்கம் போனாள்.

அவள் உள்ளே நின்று எல்லாவற்றையும் ஒரு முறை பார்த்தாள். நடுவழியில் மூன்று கால் தாங்கி மேல் ஒரு போன். அதன் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு பெண். போன் மேடையைப் பார்த்து நின்றது. மேடைக்குப் பக்கத்துச் சுவரில் பெரிய திரை, போன் பார்ப்பதெல்லாம் அதில் தெரிந்தது. இடது சுவரில் கதவு. அதை ஒட்டி, கடைசி வரிசைக்கு முந்தின வரிசை. பொடிசைக் கதவோரம் விட்டாள், ஏதாவது என்றால் முதலில் அவளை வெளியே தள்ளலாம். அடுத்து தான். அடுத்து அண்ணி. உட்கார்ந்த பிறகு பொடிசைத் தாண்டிக் கையை நீட்டிக் கதவை மெல்லத் தள்ளிப் பார்த்தாள். திறந்தது. ஈரக் காற்று முகத்தில் அடித்தது. மறுபடி மூடிவிட்டு முதுகைச் சாய்த்தாள்.

ஆராதனை தொடங்கிச் சற்று நேரத்தில் மழை வலுத்தது. சாரல் கதவிடுக்கு வழியாகத் தரையில் கோடு போட்டது. உபசரிக்கிற பெரியவர் ஒருவர் ஓசைப்படாமல் வந்து, அவளைப் பார்த்துப் புன்னகைத்து, கதவை அழுத்தி மூடி, மேல் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் போனார். நல்லெண்ணத்தோடுதான் செய்தார். அவள் அந்தத் தாழ்ப்பாளை அண்ணாந்து பார்த்தாள். அவள் கைக்கு எட்டாது. அண்ணி நின்றால் எட்டும்.

அண்ணியிடம் சொல்லலாம் என்று திரும்பியபோதுதான் கவனித்தாள். தான் உட்கார்ந்திருப்பது அண்ணியின் இடது பக்கம். கதவையும் போனையும் திரையையும் பார்த்து இடம் பிடித்தவள், காதை மறந்துவிட்டாள்.

இடம் மாறிக்கொள்ளலாமா என்று யோசிப்பதற்குள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். பாட்டு. அவளுக்குத் தெரிந்த பாட்டுத்தான், எந்தச் சபையில் போய் நின்றாலும் பாடுகிற பழைய பாட்டு. அண்ணி சொன்னபடியே உதட்டை மட்டும் அசைத்தாள். கண்ணை மூடியிருந்தாள். கழுத்து நரம்பு மட்டும் அசைந்தது. முதல் சரணம் போயிற்று. இவள் திரையைப் பார்த்தாள். அதில் பாடகர் குழு மட்டும்தான். சோப்பக்கா வாயை அகலத் திறந்திருந்தாள். எல்லாம் சரியாகத்தான் போகிறது. ஒரு மணி நேரம் தாங்கினால் வீட்டுக்குப் போய்விடலாம்.

இரண்டாம் சரணத்தில் அது கேட்டது.

முதலில் ஒரு முனகல்தான். பிறகு, சபை முழுவதும் பாடிக்கொண்டிருந்த மெட்டுக்குக் கீழே இன்னொரு மெட்டு நடக்கத் தொடங்கியது. நிதானமாக, அடி பிசகாமல். முன் வரிசைப் பெண் திரும்பிப் பார்த்தாள். அவள் கணவனும் பார்த்தான்.

“அண்ணி” என்றாள் இவள் மெல்ல. “அண்ணி, போதும்.”

செத்த காதில் சொன்ன சொல். அண்ணியின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. இவள் கையை நீட்டி அண்ணியின் கையைப் பற்றி அழுத்தினாள். அண்ணி கண்ணைத் திறக்காமலே அந்தக் கையைத் திருப்பி அழுத்தினாள், பாசத்தோடு. என்னைக் கூட்டிக்கொண்டு வந்தாயே என்று சொல்கிற மாதிரி. அவள் குரல் இன்னும் கொஞ்சம் விரிந்தது.

இரண்டாம் குரல் தனியாக நிற்பதற்கு ஆனதில்லை. மேலே ஒருவன் வருவான் என்று இடம் விட்டுக்கொண்டே போகிற குரல் அது. அண்ணி எங்கெங்கே இடம் விட்டாளோ அங்கெல்லாம் அந்த முதல் குரல் வந்து நின்றது. அவன் இந்தக் கட்டடத்தில் இல்லை, இந்த ஊரிலேயே இல்லை, அவளுக்குத் தெரியும். ஆனாலும் அவனுடைய மூச்சு, உச்சியில் சற்றே நடுங்குகிற அந்த இழை, அது தன் பின்கழுத்துக்கு மேலே பாடுவது அவளுக்குக் கேட்டது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். திரும்பிப் பார்த்தாள். காலியான கடைசி வரிசையும் சுவரும் சாத்திய பெரிய வாசலும்தான் இருந்தன.

பாட்டு முடிந்து உட்கார்ந்தார்கள். அண்ணி கண்ணைத் திறந்தாள். முன் வரிசைகளிலிருந்து முகங்கள் தன்னைப் பார்த்துப் புன்னகைப்பதைப் பார்த்தாள். பிறகு இவள் முகத்தைப் பார்த்தாள். அந்தப் புன்னகையெல்லாம் எதற்கென்று அப்போதுதான் அவளுக்கு மெல்ல உறைத்திருக்க வேண்டும்.

“என்னம்மா?” என்றாள், கிசுகிசுப்பதாக நினைத்துக்கொண்டு, மூன்று வரிசைக்குக் கேட்கிற குரலில். “மெதுவாத்தானே பாடினேன். எனக்கே கேக்கலியே.”

அவள் அண்ணியின் கையை விடவில்லை. எனக்கே கேட்கவில்லையே. காதை உடைத்தவன், அதன் வழியாகவே கண்டுபிடிக்கவும் போகிறான். போனைத் திறந்து வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, பூட்டுக்குள் கம்பி விட்டுக் கேட்கிற மாதிரி அவன் சாயங்காலம் கேட்கப் போவதை மனதுக்குள் பார்த்தாள். ஒருவேளை இன்றைக்கு அவன் வேறு எந்தச் சபையையாவது கேட்கலாம். ஒருவேளை இத்தனை குரலில் இது அமுங்கிப் போயிருக்கலாம். அவனுக்கு இது அமுங்காது.

மேடையில் போதகர் மைக்கை எடுத்துக்கொண்டு படி இறங்கினார். நடுத்தர வயது, கொஞ்சம் தொந்தி, சிரித்த முகம்.

“இன்னிக்கு நம்மகூடப் புதுசா வந்தவங்க இருக்காங்க. நம்ம வழக்கம் உங்களுக்குத் தெரியும். அவங்க எந்திரிச்சு நின்னு, பேரும் ஊரும் சொல்லி, எந்தச் சபையில இருந்து வர்றாங்கன்னு சொல்லணும். நாம பேர் சொல்லி ஜெபம் பண்ணி வரவேப்போம். பிள்ளைங்களுக்குப் பரிசு இருக்கு. புதுசா வந்த பிள்ளைங்க யாரு? முன்னாடி வாங்க பாப்போம்.”

பொடிசு எழுந்துவிட்டாள். ஓரத்தில் இருந்தவள், தடுக்க யாரும் இல்லை. சுவரோரமாக நாலு எட்டு வைத்துவிட்டாள். இவள் பாய்ந்து பாவாடையைப் பிடித்தாள். பிடித்த வேகத்தில் துணி கிழிகிற சத்தம் கேட்டது.

“அம்மா, பரிசு…”

“உக்காரு.”

“நெசப் பேரே சொல்றேம்மா. பொய் சொல்லல.”

“உக்காருடி.”

அவள் குரலைக் கேட்டுக் குழந்தை அப்படியே அடங்கியது. அந்த மாதிரிக் குரல் அவளிடமிருந்து இதற்கு முன் வந்ததில்லை. குழந்தைக்கு வேறு ஒருவரிடமிருந்து கேட்டுப் பழக்கம். அவள் அதை நினைத்துக்கொண்டே குழந்தையை இழுத்து மடியில் வைத்து, அதன் முகத்தைத் தன் தோளுக்குள் திருப்பிக்கொண்டாள்.

போதகர் நேரே அவர்களிடம்தான் வந்தார். அவருக்குப் பின்னால் கண்ணாடி போட்ட பெண் தாங்கியோடு போனைத் திருப்பினாள். சுவர்த் திரையில் மேடை நழுவிப் போய், வரிசை வரிசையாகத் தலைகள் ஓடி, ஓரத்தில் ஒரு சேலையின் நிறம் வந்தது. அண்ணியின் சேலை. தேய்த்த மடிப்புக்கூடத் தெரிந்தது. அவள் முந்தானையை நெற்றி வரை இழுத்துவிட்டு, அண்ணிக்கு முன்னால் சரிந்து உடம்பைத் திருப்பி, போனுக்கும் அண்ணிக்கும் நடுவே தன் முதுகை வைத்தாள்.

“எங்க சபையில ரெண்டாம் குரல் பாட ஆளில்லாம எத்தனை நாளாத் தவிக்கிறோம், தெரியுமா?” என்றார் போதகர். சபை சிரித்தது. சோப்பக்கா தூரத்திலிருந்து பெருமையோடு கையை ஆட்டினாள். “எங்கம்மா பாடக் கத்துக்கிட்டீங்க? எந்தச் சபை?”

ஒரு போதகர் கேட்டால் எழுந்து நின்று பதில் சொல்லித்தான் அண்ணிக்குப் பழக்கம். அவள் முழங்கால்கள் தாமாகவே நிமிர்ந்தன. கை கூப்பிக்கொண்டது. வாய் திறந்தது. இவள் அந்த முழங்கால் மேல் கையை வைத்தாள். அழுத்தவில்லை, வைத்தாள். இந்த முறை அண்ணிக்குப் புரிந்தது. பாதி எழுந்தவள் அப்படியே உட்கார்ந்தாள். கூப்பிய கை மட்டும் அவிழாமல் மடியில் கிடந்தது.

“கூச்சப்படறாங்க” என்றார் போதகர். “பரவால்ல. நீங்க சொல்லுங்கம்மா. மகளா, மருமகளா?”

மைக் அவள் வாய்க்கு நேரே வந்தது. அதன் தலையில் யாரோ வைத்த ஜவ்வாது வாசனை. இரண்டு பக்க ஒலிபெருக்கியிலும் அவளுடைய மூச்சு கேட்டது. தன் மூச்சு இவ்வளவு பெரியதா என்று இருந்தது. உதட்டை இறுக மூடிக்கொண்டாள்.

நல்ல மனிதர். அவர் முகத்தில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு சொல் சொன்னால் போதும், இந்தச் சிரித்த முகங்கள் எல்லாம் தன்னைச் சேர்த்துக்கொள்ளும். வாரா வாரம் இடம் பிடித்து வைப்பார்கள். குழந்தைக்குப் பரிசு கிடைக்கும், அண்ணிக்குப் பாட ஒரு வரிசை கிடைக்கும். பொய்ப் பேர் ஒன்றைச் சொல்லிவிடலாம். சொன்னால் குழந்தை நிமிர்ந்து பார்க்கும். தவிர, பேரா இப்போது முக்கியம்? குரல் போதும். அவளுடைய ஒரு சொல்லும், அண்ணியின் அந்தப் பாட்டும் ஒன்றாகச் சேர்ந்தால், கேட்கிறவனுக்குச் சந்தேகத்துக்கு இடமே இருக்காது.

அவள் வலது கையை உயர்த்தி, உள்ளங்கையால் மைக்கின் தலையை மூடினாள். இஸ்திரிப் பெட்டி பிடித்துக் காய்த்த கை. மூடிய சத்தம் இரண்டு ஒலிபெருக்கியிலும் கதவு சாத்தின மாதிரி விழுந்தது. திரும்பாமல் இருந்த தலைகளும் இப்போது திரும்பின.

“வேண்டாங்கய்யா” என்றாள், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

“ஊரு வேண்டாம்மா. பேரு மட்டும். ஜெபத்துல சொல்லணுமில்ல?”

அவள் தலையை அசைத்தாள்.

“ஒரு பேருதானேம்மா.”

தோளுக்குள் குழந்தையின் வாய் ஏதோ முணுமுணுத்தது. வெளியே மழை கொஞ்சம் விட்டிருந்தது. அண்ணி அண்ணாந்து கதவின் மேல் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தான் எழுந்தால் எட்டும் என்று அவளும் கணக்குப் போடுகிறாள் என்பது இவளுக்குத் தெரிந்தது.

போதகர் சிரித்தபடியே, சபைக்காக இன்னும் சிரித்தபடியே, மைக்கை மெல்லத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார்.

அவள் கையை எடுக்கவில்லை.